சுடுகாட்டுப் பாதையை மறித்தால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

ஒரே ஊரில் ஒரே வாரத்தில் மூன்று காரியம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிணம் தூக்கிப் போகும் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டு மறிக்கிறார்கள். தட்டிக் கேட்டவரை டீக்கடை முன்னால் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள். ஸ்டேஷனில் கொடுத்த புகாருக்கு, புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கிழித்துக் கொடுத்து, "தாசில்தார் ஆபீஸ்ல பேசி முடிச்சுக்கிடுங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

மூன்றையும் ஒரே மனுவில் எழுதி, திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்துவிட்டு வருவதுதான் திருநெல்வேலிச் சீமையில் பெரும்பாலும் நடக்கிறது. பாதி வழக்கு அங்கேயே வலுவிழந்து போகிறது. திட்டியவருக்குத் தண்டனை வேண்டுமென்றால் அது குற்ற வழக்கு. பாதை திறக்க வேண்டுமென்றால் அது ரிட் மனு (அதிகாரிக்கு உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) அல்லது சிவில் வழக்கு. எஃப்.ஐ.ஆர். போடாத அதிகாரியை அசைக்க வேண்டுமென்றால் அதற்கு வழி வேறு. எது எதைத் தரும், எது எங்கே சறுக்கும் என்று தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான கொடுமைகளைத் தண்டிக்க 1990 ஜனவரி 30 முதல் நடப்பில் இருக்கும் இந்தச் சட்டம், 2016 ஜனவரி 26-இல் அமலுக்கு வந்த திருத்தத்தால் அகலமானது. பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இழிவுபடுத்துவது பிரிவு 3(1)(ஆர்). சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 3(1)(எஸ்). சுடுகாடு, கிணறு, குளம், படித்துறை, கோயில், கடை, பொதுவில் புழங்கும் பாத்திரம், திருமண ஊர்வலம், பைக்கில் போவது, செருப்பு போடுவது, புதுத் துணி உடுத்துவது இவற்றில் எதைத் தடுத்தாலும் 3(1)(இசட்.ஏ.). ஊர் விலக்கு 3(1)(இசட்.சி.). தண்டனை குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்து ஆண்டு. பிரிவு 18 முன்ஜாமீனைத் தடுக்கிறது.

2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முதல்கட்ட விசாரணை, கைதுக்கு முன் அனுமதி என்றெல்லாம் நிபந்தனை போட்டது. நாடாளுமன்றம் அதே ஆண்டு 18ஏ பிரிவைச் சேர்த்து அதை மாற்றியது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே 18ஏ செல்லும் என்றது. ஆகவே "விசாரிச்சிட்டு எஃப்.ஐ.ஆர். போடுறோம்" என்று ஸ்டேஷனில் சொன்னால், 18ஏ பிரிவைச் சுட்டி எழுத்தில் பதில் கேட்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 14 நாள் முதல்கட்ட விசாரணைக்கு இடமிருக்கிறது என்று காட்டுவார்கள். அதற்கும் 18ஏ-தான் பதில்.

இந்த வழியின் பலம் பெரியது. வழக்குப் போட்டவுடன் நிவாரணத் தொகை உண்டு. மத்திய விதிகளின் அட்டவணைப்படி 3(1)(ஆர்), (எஸ்) குற்றங்களுக்கு ஒரு லட்சம் ரூபாய்: எஃப்.ஐ.ஆர். நிலையில் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும் 50, தண்டனை கிடைத்தால் மீதி 25. விசாரணையை 60 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. வழக்கு நடப்பது சிறப்பு நீதிமன்றத்தில். ஜாமீன் மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்கு நோட்டீஸ் தந்து, அவர் சொல்வதையும் கேட்க வேண்டும் என்கிறது பிரிவு 15ஏ. அப்படிச் செய்யாமல் கொடுத்த ஜாமீனை 2021-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. ஜாமீன் உத்தரவை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரே 14ஏ பிரிவின்கீழ் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்யலாம். இது தெரியாமல், ஜாமீன் கிடைத்த செய்தியை டீக்கடையில் கேள்விப்பட்டுச் சோர்ந்து போகிறவர்கள் அதிகம்.

இனி, இது எங்கே உடைகிறது என்று பார்க்க வேண்டும். புகார் எழுதும் முதல் நாளில்தான் பெரும்பாலும் உடைகிறது.

"சாதியைச் சொல்லிக் கேவலமாகத் திட்டினார்" என்று எழுதினால் போதாது. என்ன வார்த்தை சொன்னாரோ அதை அப்படியே, கூசாமல் எழுத வேண்டும். பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்பது அதைவிட முக்கியம். திருச்சி மாவட்டம் லால்குடிப் பகுதி வழக்கு ஒன்றில், வருவாய் ஆய்வாளரை அவர் அலுவலகத்துக்குள்ளேயே சாதி சொல்லித் திட்டியதாகப் புகார். சக ஊழியர்கள் சம்பவத்துக்குப் பிறகுதான் வந்தார்கள் என்பதால் அது பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடம் ஆகாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. 2008 தீர்ப்பு ஒன்றோ, தனியார் இடமாக இருந்தாலும் வெளியே நிற்பவர் பார்க்கும்படி இருந்தால் அது பொதுப் பார்வையே என்கிறது. ஆக, டீக்கடைப் பெஞ்சில் யார் இருந்தார், ரோட்டில் யார் நின்றார், எத்தனை மணி, எந்த இடம் என்ற நான்கும் புகாரின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிறகு சேர்த்தால் "ஜோடிப்பு" என்பார் எதிர்த்தரப்பு வக்கீல்.

அடுத்த பள்ளம் நிலத் தகராறு. வாய்க்கால் வரப்பு, வேலி, பத்திரம் என்று முன்பே சச்சரவு இருந்தால், திட்டியது சாதிக்காக அல்ல, நிலத்துக்காக என்று வாதம் வரும். 2020 நவம்பரில் உத்தராகண்ட் வழக்கு ஒன்று இப்படித்தான் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. பழைய தகராறை மறைக்காமல் எழுதி, அதைத் தாண்டி சாதி எப்படி வந்தது என்பதைத் தனிப் பத்தியாகச் சொல்வதே பாதுகாப்பு.

புலனாய்வு செய்பவர் டி.எஸ்.பி. தரத்துக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்பது இந்தச் சட்டத்தின்கீழ் வந்த விதிகளில் விதி 7. மாநகரப் பகுதியில் உதவி ஆணையர். இன்ஸ்பெக்டரோ எஸ்.ஐ.யோ வாக்குமூலம் வாங்கி முடித்துவிட்டால், பின்னால் விசாரணையே கேள்விக்குள்ளாகும். வாக்குமூலம் கொடுக்கும்போது எதிரே இருப்பவர் பதவி என்னவென்று குறித்துக்கொள்ளுங்கள். செல்போனில் எடுத்த வீடியோ இருந்தால் அந்தப் போனையே பத்திரமாக வைக்க வேண்டும். வாட்ஸப்பில் வந்த நகல் மட்டும் இருந்தால், மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் வாங்கும் கட்டத்தில் சிக்கல் வரும். கடைகளின் சி.சி.டி.வி. பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும். அதைக் கைப்பற்றச் சொல்லி முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்க வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால்? 2013-இன் லலிதா குமாரி தீர்ப்பு, கைது செய்யத்தக்க குற்றம் தெரிந்தால் பதிவு கட்டாயம் என்கிறது. சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது. புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையை வைத்துக்கொண்டு, பிரமாணப் பத்திரத்தோடு சிறப்பு நீதிமன்றத்தை அணுகலாம். அந்த நீதிமன்றம் நேரடியாகவே வழக்கைக் கோப்பில் எடுக்கலாம் என்று 2016 திருத்தம் சொல்கிறது. வேண்டுமென்றே கடமை தவறிய அதிகாரிக்குப் பிரிவு 4-இன்கீழ் ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை தண்டனை உண்டு. அதற்கு நிர்வாக விசாரணையின் பரிந்துரை வேண்டும். நடைமுறையில் அரிதாகவே வருகிறது. ஆனாலும் மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டாலே சில கதவுகள் திறக்கின்றன.

இந்தச் சட்டம் யாருக்கு உதவாது? இங்கேதான் நெல்லைச் சீமையின் தனிச் சிக்கல். புகார் தருபவர் பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இருக்க வேண்டும். குற்றம் செய்தவர் அந்த இரண்டிலும் இல்லாதவராக இருக்க வேண்டும். 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தாருக்கே பட்டியல் சாதித் தகுதி. இந்த மாவட்டத்தில் தலைமுறைகளாகக் கிறித்துவர்களாக இருக்கும் தலித் குடும்பங்கள் ஏராளம். சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் என்றிருக்கும். ஊரில் நடத்தப்படும் விதம் மட்டும் மாறியிருக்காது. அதேபோல், பட்டியல் சாதிகளுக்குள்ளேயே ஒருவர் இன்னொருவரைக் குடத்தைத் தொடவிடாமல் தடுத்தாலும் இந்தச் சட்டம் வராது. இருவரின் சாதிச் சான்றையும் முதலில் பார்க்காமல் இந்த வழியில் இறங்கினால், இரண்டு ஆண்டு கழித்து வழக்கு ரத்தாகும்.

1955-இன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்

இப்போது யாரும் ஏறெடுத்துப் பார்க்காத சட்டம் இது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம், அபராதம் 100 முதல் 500 ரூபாய். கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் மேலே சொன்ன இரண்டு இடைவெளிகளையும் அடைப்பது இதுதான். தீண்டாமையின் அடிப்படையில் செய்தால் போதும். செய்தவர் எந்தச் சாதி என்ற நிபந்தனை இல்லை. 'கடை' என்ற சொல்லுக்குள் சலவைக்கடையும் முடிதிருத்தகமும் வெளிப்படையாகவே அடங்கும். பட்டியல் சாதியினருக்கு எதிரான செயல் என்றால், தீண்டாமையால்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கும் என்கிறது பிரிவு 12. கிறித்துவத் தலித்துகளுக்கு அந்த அனுமானம் மட்டும் கிடைக்காது; அவர்கள் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும்.

ஒரு கவனம்: தண்டனை ஓராண்டுக்குள் அடங்குவதால் கோர்ட் கோப்பில் எடுப்பதற்கும் ஓராண்டுதான் காலக்கெடு. வன்கொடுமைச் சட்டத்துக்கு அந்தக் கெடு இல்லை. எனவே இரண்டும் பொருந்துகிற இடத்தில் இரண்டு சட்டத்தின் பிரிவுகளையும் முதல் புகாரிலேயே கேட்பது நல்லது. பெரியது விழுந்தாலும் சிறியது நிற்கும்.

ரிட் மனு, மதுரைக் கிளை

2004 ஜூலையில் மதுரைக் கிளை வந்தபின் சென்னைக்கு ரயிலேறும் செலவு போயிற்று. குற்ற வழக்கு ஆளைத் தண்டிக்கும்; ரிட் அதிகாரியை வேலை செய்ய வைக்கும். பாதையில் கிடக்கும் முள்ளை எடுக்க, கோயில் கொடை விழாவுக்குப் பாதுகாப்புத் தர, நிவாரணத் தொகையை வழங்க, சாதி மாறித் திருமணம் செய்தவர்களைக் காக்க இதுவே வேகமான வழி. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆணவக் குற்றங்களைத் தடுக்க வகுத்த நெறிமுறைகளை மேற்கோள் காட்டலாம்.

முன்நிபந்தனை ஒன்று உண்டு. உரிய அதிகாரியிடம் முதலில் கோரிக்கை வைத்திருக்க வேண்டும். கலெக்டர், எஸ்.பி., கோட்டாட்சியர், வட்டாட்சியர், வட்டார வளர்ச்சி அலுவலர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதிவுத் தபால், ஒப்புகை அட்டை. குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுவின் எண்ணையும் சேர்த்து வையுங்கள். தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கும். அதற்கு ஒரு வாரம் ஒதுக்க வேண்டும்.

இந்த வழியில் மிகப் பெரிய வீணடிப்பு கோரிக்கைப் பத்தியில் நடக்கிறது. "எங்கள் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிட வேண்டும்" என்று கேட்டால், நீதிமன்றம் எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று கெடு வைத்து முதல் நாளே வழக்கை முடித்துவிடும். அதிகாரி பரிசீலித்து, "பேச்சுவார்த்தை நடந்து வருகிறது" என்று ஒரு பக்கம் எழுதி நிராகரிப்பார். மறுபடி முதலிலிருந்து. அதற்குப் பதிலாக, சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, இன்ன பாதையில் உள்ள தடையை அகற்ற வேண்டும், இடைக்காலமாகப் பிணம் கொண்டுசெல்லப் பாதுகாப்புத் தர வேண்டும் என்று நேராகக் கேட்க வேண்டும். மறித்த ஆளையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் வாங்கிய உத்தரவை, "என்னைக் கேட்கவே இல்லை" என்று அவர் வந்து நிறுத்திவிடுவார்.

உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகலோடு அதிகாரிக்குத் தபால் போக வேண்டும். மதிக்காவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு மனு, ஓராண்டுக்குள். அந்த ஓராண்டை "இன்னும் ஒரு மாசம் பொறுங்க" என்ற வாய்வார்த்தையில் தொலைத்துவிடுகிறார்கள்.

ரிட் எப்போதும் வெல்லும் என்று நினைக்கவும் கூடாது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து அடைப்பதை எதிர்த்து ஒரு மனு வந்தது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் சாதி மோதல் வரும், அதைத் தவிர்க்கவே பிரித்திருக்கிறோம் என்ற அரசின் பதிலை ஏற்று, 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட மறுத்தது. பத்து ஆண்டு கழித்து, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதிப் பாகுபாடு அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. பாளையங்கோட்டை வழக்கின் அந்தக் காரணத்தையும் ஏற்கவில்லை. 'சட்டம் ஒழுங்கு' என்ற பதில் கொடைக்கும் வரும், ஊர்வலத்துக்கும் வரும், பள்ளிக்கூடத்துக்கும் வரும். அதை மறுக்க இப்போது நம் கையில் இருக்கும் நல்ல தீர்ப்பு இதுதான். மனுவில் சேர்க்க மறக்கக் கூடாது.

உண்மை எது என்பதே தகராறாக இருந்தால் ரிட் உதவாது. பாதை எங்கள் பட்டாவில் இருக்கிறது என்று ஒருவர் பத்திரத்தோடு வந்தால், "சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்" என்றுதான் உத்தரவு வரும்.

சிவில் வழக்கு

ஆகவே பாதைத் தகராறில் வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே வட்டாட்சியர் அலுவலகத்தில் புலப்பட (நில அளவை வரைபட) நகலும், நிலத்தின் வகையைக் காட்டும் 'அ' பதிவேட்டு நகலும் வாங்க வேண்டும். பாதை புறம்போக்கு என்றோ வண்டிப் பாதை என்றோ பதிவாகியிருந்தால் ரிட். பட்டா நிலத்தின் வழியே வழக்கத்தால் போய்வந்த பாதையென்றால் முன்சீப் கோர்ட்டில் உரிமை விளம்பல், தடையுத்தரவு. வழிநடை உரிமைக்கு 20 ஆண்டு இடைவிடாத பயன்பாட்டைக் காட்ட வேண்டும். கோர்ட் நியமிக்கும் வக்கீல் கமிஷனரை அனுப்பி அளந்து, படத்தோடு அறிக்கை வாங்கினால் அதுவே வழக்கின் முதுகெலும்பு. முள்ளை எடுத்துவிட்டு "அப்படி ஒன்றும் இல்லையே" என்று எதிர்த்தரப்பு சொல்வதற்குள் கமிஷனர் போய்ச் சேர வேண்டும். ஊர் மொத்தத்துக்குமாக வழக்குப் போட சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 1 விதி 8-இன்கீழ் அனுமதி வாங்கலாம். அரசையும் சேர்த்தால் அதே சட்டத்தின் பிரிவு 80 நோட்டீஸ், இரண்டு மாதக் காத்திருப்பு. அவசரமென்றால் நீதிமன்ற அனுமதியோடு உடனே தாக்கல் செய்யலாம்.

எதிர்த்தரப்பு முந்திக்கொண்டு நமக்கு எதிராகவே தடையுத்தரவு வாங்குவது இங்கே பழைய உத்தி. தகராறு தொடங்கிய அன்றே முன்சீப் கோர்ட்டில் கேவியட் மனு போட்டுவிட்டால், நமக்குத் தெரியாமல் உத்தரவு போகாது. அது 90 நாள் செல்லும். பிறகு புதிதாகப் போட வேண்டும்.

சிவில் கோர்ட் என்றாலே பயப்படுவதற்குத் தென்மாவட்டத்தில் வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து நடந்த வழக்கு, பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. வழக்கம் என்பதே அன்று சட்டமாக நின்றது. ராதாபுரம் வட்டம் வடக்கன்குளத்தில் வேறு விதம். தேவாலயத்துக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. சுவர் வேண்டும் என்றவர்கள் உயர் நீதிமன்றம் வரை வழக்காடித் தோற்றார்கள். இன்று கமுதித் தீர்ப்பு திரும்ப வராது. தீண்டாமையின்பாற்பட்ட எந்த வழக்கத்தையும் எந்த நீதிமன்றமும் ஏற்கக் கூடாது என்று 1955-இன் சட்டம் 13-ஆம் பிரிவில் கட்டிப்போட்டிருக்கிறது. "காலங்காலமா இப்படித்தான்" என்று எதிர்த்தரப்பு எழுதினால், பதிலுரையின் முதல் வரியில் இந்தப் பிரிவு இருக்க வேண்டும்.

ஆணையங்கள்

செலவில்லை, வக்கீல் வேண்டாம். பட்டியல் சாதியினருக்கான தேசிய, மாநில ஆணையங்கள் எஸ்.பி.யிடம் அறிக்கை கேட்டால் கிடப்பில் போட்ட கோப்பு நகரும். ஆனால் தேசிய ஆணையத்துக்கு ஆளை வரவழைத்து விசாரிக்கும் அளவில்தான் சிவில் நீதிமன்ற அதிகாரம். தடையுத்தரவு போட முடியாது என்று 1996-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போலீஸ் அடித்தால், அவமதித்தால் மாநில மனித உரிமை ஆணையம் பயனுள்ளது. அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்தது. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். துணைவழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதை நம்பி மற்றக் கெடுக்களை விட்டுவிடக் கூடாது.

முதலில் சொன்ன ஊருக்கு எங்கள் பரிந்துரை

முதல் நாள்: டீக்கடைச் சம்பவத்துக்குத் தனிப் புகார், பாதை மறிப்புக்குத் தனிப் புகார். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால், பாதை நிலத் தகராறு என்று விழும்போது மற்றதையும் இழுத்துக்கொண்டு விழும். மறுநாள் எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் தபால். அதே வாரத்தில் கேவியட், புலப்பட நகல். நிவாரணத்தை ஏழு நாளில் தர வேண்டும் என்பது வன்கொடுமைச் சட்ட விதிகளின் விதி 12. அதைக் குறிப்பிட்டு ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும் ஒரு மனு. இரண்டு வாரத்தில் அசைவு இல்லையென்றால் புறம்போக்குப் பாதைக்கு மதுரையில் ரிட், எஃப்.ஐ.ஆர். இல்லாததற்குச் சிறப்பு நீதிமன்றம்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீல் கிடைக்கும். பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம், அல்லது 15100. வன்கொடுமைக்குத் தனி உதவி எண் 14566.

இதற்கு நடுவே நம்மீது எதிர்வழக்கு (கவுண்டர் கேஸ்) வரும். நம் பையன்களின் பெயரைத் தேடிப் போட்டு, காயம் என்று ஆஸ்பத்திரியில் படுப்பார்கள். அதற்குப் பயந்தே பாதிப்பேர் ராஜிக்கு இறங்குகிறார்கள். வன்கொடுமை வழக்கை ஊரில் பேசி வாபஸ் வாங்க முடியாது. ராஜியானதைக் காட்டி உயர் நீதிமன்றத்தில்தான் ரத்து கேட்க முடியும். மனமொத்த சமரசமா, அழுத்தமா, குற்றம் உண்மையில் சாதியின்பாற்பட்டதா என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எச்சரித்திருக்கிறது.

தாசில்தார் கூப்பிடும் அமைதிப் பேச்சுவார்த்தைக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. போனால் நடவடிக்கைக் குறிப்பில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: பாதை எந்தத் தேதியில் திறக்கப்படும், அதற்கு எந்த அதிகாரி பொறுப்பு, இந்தப் பேச்சு பதிவான வழக்கைப் பாதிக்காது. மூன்றும் இல்லாத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். போட்டாலும் போடாவிட்டாலும் நகல் கேட்டு வாங்கிக்கொண்டே எழுந்திருங்கள்.